மூன்று மணி அடித்தால் ஆள்: தங்கவயல் பயணக் குறிப்புகள்

முதல் நாள்

குடியாத்தத்தில் ரயில் ஏறும்போது மாமா ஒரே ஒரு துணிப்பையோடு வந்து நின்றார். "நாலு நாளைக்கு இது போதும் மாப்பிள்ளை. அங்க நமக்கு இல்லாத வீடா?" என்றார். மாமா என் மனைவியின் அப்பா. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவராக, அதாவது ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கும் இயந்திரத்தை ஓட்டுபவராக, இருந்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அங்கேயே இருந்து பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தார். திருமணமான நாளிலிருந்து அவர் வாயால் அந்த ஊரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர் கால் நன்றாக இருக்கும்போதே அவரோடு ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும் என்று பல நாளாக ஆசை. இந்த முறைதான் அமைந்தது.

பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் வண்டிக்கு மாறினோம். சுரங்கத்துக்காகவே 1890களில் போட்ட கிளைப் பாதை இது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சுரங்கப் பெயர்களே ஸ்டேஷன் பெயர்களாக வரும். மாரிக்குப்பத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தப் பாதையில்தான் போகிறார்கள். ஒரு காலத்தில் ஊர் ஊராக ஆட்களை இங்கே கொண்டுவந்து கொட்டிய பாதை, இப்போது இங்கிருந்து ஆட்களை வெளியே ஏற்றிப்போகிறது.

கோரமண்டல் தாண்டியதும் ஜன்னலில் மேடுகள் தெரிய ஆரம்பித்தன. முதல்முறை பார்ப்பவர்கள் மலை என்றுதான் நினைப்பார்கள். ஆனால் மலைக்கு இப்படித் தட்டையான தலை இருக்காது. சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம், சரிவெல்லாம் மழைநீர் அரித்த வரிகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணை நூறு வருஷமாகக் கொட்டிக் கொட்டி வந்த மேடுகள் இவை. 13 மேடுகள். மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல். ஊரில் 'சயனைடு மலை' என்றே சொல்கிறார்கள்.

"காத்து காலத்துல வந்திருக்கணும் நீங்க" என்றார் மாமா. "சோத்துல கூட மண்ணு விழும்."

இரவு அவருடைய தங்கை வீட்டில் தங்கல். சாம்பியன் ரீஃப் லைன் வீடு. லைன் என்றால் ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும் வரிசை வீடுகள். அத்தை சொன்னபடி, அவருடைய மாமியார் காலத்தில் இதுவும் கிடையாது. மூங்கில் தட்டி வீடுதான். குனிந்து நுழைந்து குனிந்தே வெளியே வர வேண்டும். இப்போது சுவர் இருக்கிறது, ஓட்டுக்கு மேல் தகரம் இருக்கிறது, வாசலில் பைக் நிற்கிறது. சுரங்கம் மூடிய பிறகும் இந்த லைன்களில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைவிடப்பட்ட ஊர் என்று எழுதுகிறவர்கள் யாரும் இங்கே ஓர் இரவு தங்கியிருக்க மாட்டார்கள். சுரங்கத்தைத்தான் கைவிட்டார்கள்.

இரண்டாம் நாள்

காலையிலேயே கிளம்பிவிட்டோம். சுரங்கத்துக்குள் போக முடியாது என்று முன்பே தெரியும். பம்ப் நின்றதும் அடியிலிருந்து நீர் ஏறத் தொடங்கிவிட்டது. ஷாஃப்ட் எனப்படும், பூமிக்குள் நேராக இறங்கும் குழிகளின் வாய்கள் மூடப்பட்டிருக்கின்றன. 2020 மே மாதம் மாரிக்குப்பம் பக்கம் பழைய சுரங்கத்துக்குள் திருடப் புகுந்தவர்களில் மூன்று பேர் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அதனால் காவல் இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

உயரமான இரும்புக் கோபுரம், உச்சியில் பெரிய சக்கரம். ஹெட்கியர் என்பது இதன் பெயர். கோபுரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கட்டடம். மாமா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சக்கரத்தை போட்டோ புடிப்பாங்க. நான் உட்கார்ந்திருந்தது அந்த வீட்டுக்குள்ள."

அந்த வீட்டுக்குள் ஒரு பெரிய டிரம். அதில் சுற்றிய எஃகுக் கயிறு வெளியே வந்து, கோபுர உச்சிச் சக்கரத்தில் ஏறி, நேராகப் பூமிக்குள் இறங்கும். கயிற்றின் முனையில் கேஜ், அதாவது ஆள் ஏறும் இரும்புக் கூண்டு. டிரைவருக்குக் கேஜும் தெரியாது, அதில் நிற்கும் ஆட்களும் தெரியாது. அவருக்கு முன்னால் இருப்பது ஆழம் காட்டும் முள், டிரம்மில் சாக்பீஸால் போட்ட கோடுகள், அப்புறம் மணி. மணி ஒன்றுதான் பேச்சு. நின்றிருக்கும்போது ஒன்று அடித்தால் மேலே தூக்கு. ஓடும்போது ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம்.

"கல்லு ஏத்துறப்போ ஒரு வேகம், ஆளு ஏறினா வேற வேகம். மூணு மணி காதுல விழுந்ததும் கை தானா மாறிடும். டிரைவர் கிட்ட யாரும் பேசக் கூடாது மாப்பிள்ளை. மேனேஜரே வந்தாலும் பேசக் கூடாது."

இதைக் கேட்டபடி நான் என் நோட்டில் கோபுரத்தை வரைந்துகொண்டிருந்தேன். நான் நில அளவை வேலை செய்பவன். உயரம், அகலம், தூரம் என்று குறிப்பது பழக்கம். திடீரென்று ஒன்று உறைத்தது. இந்தக் கோபுரத்தை நாளைக்கே யாராவது துருவெல்லாம் சுரண்டி, வண்ணம் பூசி, சுற்றி விளக்குப் போட்டு நிறுத்தலாம். நன்றாகவே இருக்கும். ஆனால் மூன்று மணிக்கும் இரண்டு மணிக்கும் கை எப்படி மாறும் என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் எத்தனை பேர்? மாமாவிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். இரண்டாவது கைக்கு வரவில்லை.

இனி இந்தச் சுரங்கத்தின் அளவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாம்பியன் ரீஃப் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம். ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. ஒரே இறக்கத்தில் அடி வரைக்கும் போக முடியாது. பாதியில் கேஜை விட்டு இறங்கி, சுரங்கத்துக்குள் நடந்து, வேறொரு ஷாஃப்டில் மறுபடி இறங்க வேண்டும். அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதனால் மேலே குளிரூட்டும் இயந்திரம் வைத்துக் காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பினார்கள். பாறை அமுங்காமல் தாங்குவதற்கு மேலே செதுக்கிய கருங்கல்லை உள்ளே இறக்கிச் சுவர் கட்டினார்கள். பூமிக்குள்ளிருந்து கல்லைத் தூக்கிய அதே ஊர், பூமிக்குள் கல்லை இறக்கவும் செய்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கொத்து வேலை இப்போது தண்ணீருக்கு அடியில் நிற்கிறது.

மின்சாரக் கதை இன்னொன்று. காவிரி சிவசமுத்திரத்தில் விழும் நீரிலிருந்து மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902இல் இங்கே கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீளமான மின்கம்பிப் பாதைகளில் அது ஒன்று. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய வேலை. பெங்களூரின் தெருவிளக்கு எரிந்தது 1905இல்தான். சுரங்கத்துக்கு முதலில், நகரத்துக்கு அப்புறம்.

மதியத்துக்கு மேல் லைன் பக்கம் திரும்பினோம். ஒரு திண்ணையில் மாமாவின் பழைய கூட்டாளி. கீழே துளை போடும் வேலை பார்த்தவர். பேச்சு நடுநடுவே இருமலில் நின்றது. அவருக்கு என்ன நோய் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்த ஊருக்கு அந்த நோய் புதிதல்ல. 1940களில் இங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்த ஆய்வில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து இறுகும் நோய். இந்தியாவில் இந்த நோயை முறையாக ஆராய்ந்த முதல் இடங்களில் தங்கவயல் ஒன்று. இந்தச் சுரங்கத்துக்கு அருங்காட்சியகம் அமைத்தால், தங்கக்கட்டிக்குக் கொடுக்கும் கண்ணாடிப்பெட்டி அளவுக்கு ஒரு எக்ஸ்ரே படத்துக்கும் கொடுக்க வேண்டும்.

கூட்டாளியிடம் மாமா ராக் பர்ஸ்ட் பற்றிப் பேச்செடுத்தார். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவது. மேலே லைனில் பாத்திரம் உருளும், சுவர் விரியும். "பாத்திரம் உருண்டா பொம்பளைங்க எல்லாம் ஷாஃப்ட் பக்கம் ஓடும்" என்றார் அவர். அத்தை உள்ளேயிருந்து, "நானும் ஓடியிருக்கேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வெடிப்புகளை ஆராய ஆராயத்தான் பாறை அறிவியல் இந்த ஊரில் வளர்ந்தது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் இங்கேதான் தொடங்கியது.

மூன்றாம் நாள்

இன்று நடை குறைவு. மாமாவுக்கு முழங்கால் வலி. காலையில் ஆட்டோவில் ஒரு சுற்று மட்டும் போனோம்.

வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள், கிளப், தேவாலயங்கள். 'குட்டி இங்கிலாந்து' என்று இந்த ஊரைச் சொல்வதற்கு இவைதான் காரணம். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880இல் வந்து 1956 வரை நிர்வாகம் செய்தது. கட்டடங்கள் அழகுதான், மறுக்க மாட்டேன். ஆனால் தங்கவயல் பாரம்பரியம் என்று யார் பேசினாலும் பேச்சு இங்கேயே நின்றுவிடுவதைக் கவனித்திருக்கிறேன். சேலம், தர்மபுரி, சித்தூர், வட ஆர்க்காடு என்று பஞ்சத்துக்கும் சாதிக்கொடுமைக்கும் தப்பி வந்த மக்கள் வாழ்ந்த லைனை யாரும் படம்பிடிப்பதில்லை. பங்களாவையும் லைனையும் ஒரே வரைபடத்தில் காட்டினால்தான் இந்த ஊர் புரியும். இரண்டுக்கும் இடையே இருந்த தூரமும் பாரம்பரியத்தில் சேர்த்திதான்.

எனக்கு இந்தப் பயணத்தில் பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தது வேறொன்று. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. சுரங்கக் கூலிகள் பைசா பைசாவாகச் சேர்த்து நடத்திய சங்கம். 1914இல் பண்டிதர் மறைந்த பின், அவருடைய 'தமிழன்' இதழைப் பௌத்த அறிஞர் ஜி. அப்பாதுரையார் பிற்பாடு இங்கிருந்துதான் நடத்தினார். பண்டிதரின் எழுத்துகளைச் சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. இன்றைக்கு நாம் அயோத்திதாசரைப் படிக்க முடிகிறது என்றால் அதற்கு இந்த ஊருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

பகலெல்லாம் பூமிக்கடியில் கல் உடைத்துவிட்டு, இரவில் தட்டி வீட்டில் சிமினி வெளிச்சத்தில் அந்த இதழை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1930இல் நிர்வாகம் எல்லாத் தொழிலாளர்களிடமும் கைரேகை வாங்க முற்பட்டபோது, 'நாங்கள் என்ன குற்றவாளிகளா' என்று ஊரே வேலைநிறுத்தம் செய்தது. கூலி உயர்வுக்கு முன்னால் மரியாதையைக் கேட்ட போராட்டம் அது. வாசித்த ஊர் என்பதால்தான் அப்படிக் கேட்கத் தோன்றியது என்பது என் எண்ணம்.

ஆனால் அச்சகமும் சங்கமும் இருந்த இடத்தைத் தேடினால் சொல்பவர்கள் ஆளுக்கு ஒரு தெரு காட்டுகிறார்கள். ஒரு பெரியவர் வீட்டில் பழைய புத்தகம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அட்டை இல்லை. பக்கம் தொட்டால் உதிர்கிறது. கையில் வாங்கப் பயமாக இருந்தது. அவரே பிரித்து, இரண்டு பத்தி வாசித்துக் காட்டிவிட்டு மறுபடி சுற்றி வைத்தார். இரும்புக் கோபுரம் இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும். இந்தத் தாள் தாங்காது. முதலில் காப்பாற்ற வேண்டியது எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சரி என்றார். 64 பக்கமும் எடுத்துவிட்டேன். வெளிச்சம் போவதற்குள் முடிந்தது.

நான்காம் நாள்

காலையில் மாமாவை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு அத்தை மகனோடு பைக்கில் பெத்தப்பள்ளிப் பக்கம் போனேன். அங்கே எரிமலை கக்கிய பாறைகள் இருக்கின்றன. இந்தப் பகுதிப் பாறைகளின் வயது சுமார் 270 கோடி ஆண்டுகள். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. துண்டு துண்டாகக் கற்கள் பதிந்த அந்தப் பாறைமேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். அதைக் காக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு நன்றி. அதே பாறைப் பட்டையைத் துளைத்து 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் எடுத்தவர்களின் லைனில் அப்படி ஒரு பலகையை நான் பார்க்கவில்லை.

தங்கத்தை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்பார்கள். 1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன், மண்ணைக் கழுவித் தங்கம் எடுத்துக்கொண்டிருந்த கிராமத்து மக்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டார். என் தொழில்காரர் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. அவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். 1880களில் வந்த கம்பெனிகள் பணத்தைத் தொலைத்து மூடும் நிலைக்கு வந்த நேரத்தில், பழங்காலத்து ஆட்கள் தோண்டி விட்டுப்போயிருந்த பள்ளங்களை ஆழப்படுத்திய பிறகே வளமான தங்கப் படிவம் கிடைத்தது. ஆக, வழி காட்டியது பெயர் தெரியாத பழைய உளிகள்.

திரும்பி வரும் வழியில் அத்தை மகன், "இங்க நியூட்ரினோ புடிச்சாங்களாமே, நிஜமா?" என்று கேட்டான். பி.எஸ்சி. படிக்கிற பையன். இதே ஊரில் பிறந்தவன். பள்ளியில் யாரும் சொன்னதில்லையாம்.

நிஜம்தான். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் துகள்களில் மற்றவற்றையெல்லாம் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோவை மட்டும் தடுக்க முடியாது. அதனால் நியூட்ரினோவைப் பார்க்க வேண்டும் என்றால் மேலே முடிந்தவரை பாறை இருக்க வேண்டும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தன. வளிமண்டல நியூட்ரினோவை 1965இல் உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தது இந்த ஊரும் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றும்தான். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் போன்ற இயற்பியலாளர்கள் இந்த ஷாஃப்டில் இறங்கியிருக்கிறார்கள். பிறகு 1980களில் புரோட்டான் சிதையுமா என்று பார்க்கும் சோதனையும் இங்கே நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் இதை மாமாவிடம் சொன்னான் பையன். மாமா சிரித்தார். "நான் இறக்கியிருக்கேன்டா அவங்களை. பெட்டி பெட்டியா சாமான் வரும். கண்ணாடிக் குழாய் இருக்கு, மெதுவா இறக்குன்னு சொல்லி அனுப்புவாங்க. ஆளு ஏறின மாதிரியே இறக்குவேன்."

இத்தனை வருஷத்தில் எங்களிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. போனை எடுத்துப் பதிவு போட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். பையன் தரையில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான்.

இங்கிலாந்தில் கார்ன்வால் சுரங்க நிலப்பரப்பை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியமாக ஏற்றது. இடிந்த இன்ஜின் வீடுகளோடு தொழிலாளர் குடியிருப்பும் துறைமுகமும் ரயில்பாதையும் அதில் சேர்த்தி. அங்கிருந்த சுரங்கக்காரர்கள் தங்கள் நுட்பத்தோடு உலகெங்கும் போனார்கள் என்பதும் அந்தத் தகுதிக்கு ஒரு காரணம். அவர்களில் பலர் வந்து சேர்ந்த ஊர் இது. அந்தப் பக்கம் பட்டியலில் இருக்கிறது, வந்து சேர்ந்த இந்தப் பக்கம் இல்லை.

சயனைடு மேடுகளைப் பற்றி எனக்கு இன்னும் தெளிவில்லை. அவற்றில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை மறுபடி எடுக்கும் பேச்சு நடக்கிறது. மேடுகள் போய்விட்டால் இந்த ஊரின் முகமே மாறிவிடும். ஆனால் அந்தத் தூசியைத் தின்று வளரும் குழந்தைகள் இருக்கும்போது அதை அப்படியே வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தை, "எடுத்துட்டுப் போகட்டும், நல்லா மூச்சு விடலாம்" என்றார். அவர் சொல்வதுதான் முதலில் கணக்கில் வர வேண்டும். ஒரு மேட்டையாவது செடி போர்த்தி நிறுத்தலாமே என்பது என் ஆசை.

மாலை வண்டிக்குக் கிளம்புவதற்கு முன், மறுபடி அந்த வேலிப் பக்கம் போகலாம் என்றார் மாமா. போனோம். வேலியில் பழைய இரும்புக் கம்பம் ஒன்று. பையனிடமிருந்து பைக் சாவியை வாங்கி அதில் தட்டினார். மூன்று. கொஞ்சம் இடைவெளி. இரண்டு.

"இப்ப என்ன அர்த்தம், சொல்லு?"

"ஆளு ஏறியாச்சு. இறக்கு" என்றான் பையன்.

"எவ்வளவு வேகம்?"

பையன் யோசித்தான். மாமா அவன் கையைப் பிடித்து, இல்லாத லீவரின் மேல் வைத்து, மெதுவாகத் தள்ளிக் காட்டினார்.